ஒரே குரலில் அறுநூறு பேர்

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எங்கள் குழுவில் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே குரல் ஆகிப்போனது. எனக்கு அன்று பீர்க்கங்கொடிக்குப் பந்தல் கட்டுகிற வேலை இருந்தது, அதனால் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையெல்லாம் மண்ணாக இருப்பவர்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எங்கள் மாடித்தோட்டக் குழுவில் எல்லாமே குரல் பதிவுதான். முழங்கையால் அமுக்கி, சில பேர் மூக்கால் அமுக்கி, இலையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்ன அடிக்கலாம் என்று கேட்பார்கள், பதில் சொல்பவர்களும் அப்படியே சொல்வார்கள். அன்று திண்டுக்கல் புஷ்பகாந்தி அவரையில் அசுவினிப் பூச்சி அப்பியதைச் சொன்னபோதும், சென்னை யாழினி மீன் அமில உரம் நாறுகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததைச் சொன்னபோதும், இருவருக்கும் நான் பதில் சொல்லி அதை நானே திரும்பக் கேட்டபோதும் வந்தது ஒரே குரல். ஆணென்றால் கொஞ்சம் மெலிசு, பெண்ணென்றால் கொஞ்சம் கனம், யாரென்று சொல்ல முடியாத, ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்த குரல்.

பேச்சு அவரவர் பேச்சாகத்தான் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் வழக்கம்போல மரியாதையாகத் திட்டினார்கள், நாகர்கோவில்காரர்கள் வழக்கம்போல வேகமாகப் பேசினார்கள், திக்குகிறவர்கள் திக்கினார்கள், எல்லாம் அந்த ஒரே தொண்டையில். நேரில் பேசினால் சொந்தக் குரல், போனில் அழைத்தாலும் சொந்தக் குரல், குழுவிலோ தனியாகவோ பதிவு செய்து அனுப்பினால் மட்டும் அது. முதல் இரண்டு நாள் உப்புத்தண்ணீர் கொப்பளித்தார்கள், கற்பூரவல்லி இலையை மென்றார்கள், செல்போன் கடைக்குக் கொண்டுபோய் இருநூறு ரூபாய் கொடுத்துத் தூசி தட்டி வாங்கினார்கள். மூன்றாம் நாள் போடியிலிருந்து ஒருவர், செத்துப்போன தங்கை போன வருடம் அனுப்பிய புடலங்காய்ப் பதிவும் இப்போது இந்தக் குரலில்தான் கேட்கிறது, அவள் குரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி அழுதார், அழுததும் அந்தக் குரலில்தான் இருந்தது. பத்தாம் நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எருவுக்கு எங்கே சொல்லியிருக்கிறீர்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள்.

நான் மட்டும் பழகவில்லை. காரணம், அந்தக் குழுவுக்கு வாசல் காக்கிறவள் நான்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் நகல் எடுப்பவள், ஆளை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால் அட்டையைப் பார்த்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. பழைய பெரிய குழுவில் ஆண்களும் பெண்களுமாக மூவாயிரம் பேர் இருந்தோம். அதில் திலகா என்ற பெயரில் ஒரு ஆள் இருந்தான். ரோஜாப்பூ படம் வைத்துக்கொண்டு, அக்கா அக்கா என்று எழுதி, விதை அனுப்புகிறேன் என்று சொல்லிப் பெண்களின் முகவரியை வாங்கி, ஒருநாள் என் தெருவில் வந்து எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று என் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். செடியைப் பார்க்கத்தான் வந்தேன் என்றான். இரண்டு மாதம் நான் மாடியில் துணி காயப்போடவில்லை. அதற்குப் பிறகுதான் பெண்களுக்கு மட்டும் என்று தனிக் குழு ஆரம்பித்தோம், அதற்கு நான்தான் விதி எழுதினேன்: சேர வருகிறவர் தன் வாயால் பேர், ஊர், இன்றைக்கு வீட்டில் என்ன பூத்தது என்று மூன்றும் சொல்லிப் பதிவு அனுப்ப வேண்டும், அதைக் கேட்டு நான் திருப்திப்பட வேண்டும். சந்தேகம் என் கூடப் பிறந்ததில்லை, திலகா கொடுத்துவிட்டுப் போனது.

அந்த விதியில் பதினான்கு மாதமாக மாட்டிக்கொண்டு நின்றவர் ராஜபாளையம் அருள். பெரிய குழுவில் இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். குரல் பதிவே அனுப்ப மாட்டார், எல்லாம் எழுத்துதான், அதுவும் பொறுமையாக, ஒற்றுப்பிழை இல்லாமல். என் சுரைக்காய் பிஞ்சிலேயே அழுகியபோது அது பழ ஈ என்று சொல்லித் தாள் உறை போடச் சொன்னவர் அவர்தான், என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தினம் கேட்ட ஒரே ஆளும் அவர்தான். சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று கேட்டார், விதிப்படி பேசி அனுப்புங்கள் என்றேன், சரிக்கா என்று எழுதினார், அனுப்பவில்லை. எனக்கு அருள் வேண்டும். ஆனால் திலகாவும் நன்றாகத்தான் எழுதினான்.

குரல் ஒன்றாகிப்போன பதினோராம் நாள் அருளிடமிருந்து முதல் பதிவு வந்தது. “அக்கா, நான் அருள். ராஜபாளையம். இன்னைக்கு மெழுகு பாகல் பூத்திருக்கு, பெரும்பீர்க்கை பூத்திருக்கு, வாசல்ல சங்குப்பூ. மூணும் சொல்லிட்டேன்.” அதே குரல், என் குரலும் அதுதான். விதியில் சொன்ன மூன்றும் இருந்தது, மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு சுயநலமும் இருந்தது. மெழுகு பாகலில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி; பூக்கிற வரைக்கும் எது எதென்று தெரியாது. என் மாடியில் இருந்தது பெண் கொடி ஒன்றே ஒன்று, மூன்று வருடமாகப் பூத்துப் பூத்து, மகரந்தச் சேர்க்கை இல்லாமல் மஞ்சளாகி உதிர்ந்தது. அருளிடம் ஆண் கொடி இருந்தது. சேர்த்துக்கொண்டேன்.

அருள் அதற்குப் பிறகு பேசினார் பாருங்கள், அத்தனை வருடம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். காலையில் கொடியை நறுக்கிக் கவாத்து செய்துகொண்டே பேசுவார், மதியம் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்கு நடுவே பேசுவார், எப்போது கேட்டாலும் அந்தக் குரலில் ஒரு சிரிப்பு ஓரமாக நிற்கும். அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது. எல்லோரும் குரலைப் பறிகொடுத்து நிற்கும்போது இந்த ஆளுக்கு மட்டும் என்ன சந்தோஷம் என்று புஷ்பகாந்தி கேட்டார். இந்தக் குரலால் லாபம் அடைந்தது யாரென்று பார்த்தால் கொண்டுவந்தது யாரென்று தெரிந்துவிடும் என்றார். இதற்கு முன்னால் அருளின் குரலை யாராவது கேட்டிருக்கிறீர்களா என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்றோடு குழுவில் காய்கறிப் பேச்சு முடிந்தது. புஷ்பகாந்தி பக்கம் இருநூறு பேர் சேர்ந்து பேருக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் போட்டுக்கொண்டார்கள். யாழினி பக்கம் இருநூறு பேர் சேர்ந்து பட்டாம்பூச்சிப் படம் போட்டுக்கொண்டார்கள். யாழினி தினம் காலையில் பன்னிரண்டு நிமிடப் பதிவு ஒன்று அனுப்புவார், யாரை எந்தச் சொல்லால் கூப்பிட வேண்டும், நேற்றுச் சொன்ன சொல் இன்று ஏன் தப்பு, மன்னிப்பை எத்தனை வரியில் கேட்க வேண்டும் என்று. அவர் தோட்டத்தில் ஒரு வெண்டைச் செடி நட்டு நான் பார்த்ததில்லை. புஷ்பகாந்தி தோட்டத்திலும் அந்த அவரை அசுவினியில் போனதோடு சரி. இரண்டு பக்கமும் சேராத இருநூறு பேர் வாயை மூடிக்கொண்டார்கள், அவர்கள்தான் தோட்டம் போட்டவர்கள்.

புஷ்பகாந்தி பக்கத்தார் ஒரு பரீட்சை வைத்தார்கள். குரல் பயனில்லாமல் போனதால் பத்துக் கேள்வி. புடவைக்கு எத்தனை கொசுவம், தோட்டுத் திருகாணி எந்தப் பக்கம் திருகும், வயசுக்கு வந்தபோது யார் தண்ணீர் ஊற்றியது, இந்த மாதிரி. ஏழு வாங்கினால் உள்ளே, குறைந்தால் வெளியே. மூன்று பிள்ளை பெற்ற கம்பம் சுல்தானா பீவி நான்கு வாங்கி வெளியே போனார். வாழ்நாள் முழுக்க காது குத்தாமல் இருந்த நாசரேத் டீச்சர் ஒருவர் வெளியே போனார். நான் மூன்று வாங்கினேன், வாசல் காக்கிறவள் என்பதால் விட்டார்கள். யாழினி பக்கத்தார் சும்மா இருப்பார்களா, சண்டை வேண்டாம் என்று சொல்லி ஆண், பெண் என்ற இரண்டு சொல்லும் குழுவில் வந்தால் தானாக அழிந்துபோகிற மாதிரி ஒரு காவல் நிரலைப் போட்டார்கள். பூசணி வைத்திருக்கிறவர்கள் தினமும் கேட்கிற கேள்வியே அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. காய் பிடிக்கிற பூ, பிடிக்காத பூ என்று சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள், புதிதாக வந்தவர்கள் குழம்பிப்போய்க் கையில் கிடைத்த பூவைக் கிடைத்த பூவில் தேய்த்தார்கள், அந்தப் பருவத்தில் பூசணி ஒன்றுகூட நிற்கவில்லை. மெழுகு பாகலுக்கு ஆண் பூ வேண்டும் என்று நான் எழுதினேன். அழிந்தது. எனக்கே ஒரு எச்சரிக்கை வந்தது. கோபத்தில் செல்போனைத் தூக்கி மண்புழு உரத் தொட்டியில் போட்டேன், பிறகு எடுத்துத் துடைத்தேன்.

யாழினி பக்கத்தார் தடுத்ததால் அருளுக்குப் பரீட்சை நடக்கவில்லை, அவரும் இந்தச் சண்டையில் தலையிடவில்லை. எனக்குத் தனியாக மட்டும் அனுப்பினார். “அக்கா, பூ சாயங்காலம் விரியும். பறிச்சு ஈரத்துணியில வச்சு, மறுநாள் வெயிலுக்கு முன்னாடி உங்க பூவுல சேத்துட்டா போதும். கூரியர்ல தாங்காது. நானே முதல் பஸ்ஸுல கொண்டாறேன். வீட்டு விலாசம் மட்டும் குடுங்க.”

வீட்டு விலாசம். திலகா கேட்டதும் அதுதான். புஷ்பகாந்தியிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அவர் அதைக் குழுவில் போட்டார்: செண்பகம் நேரில் பார்க்கப் போகிறார், பார்த்து வந்து சொல்வார், அவர் சொல்வதே முடிவு. யாழினி இது அநியாயம் என்று பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டு, கடைசியில், என்ன பார்த்தீர்கள் என்று எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார். அறுநூறு பேரின் ஆவலும் என் தலையில் இறங்கியது. அருளை உள்ளே வைப்பதும் வெளியே தள்ளுவதும் என் ஒரு சொல்லில் இருந்தது, எனக்கோ என் மாடியைக் காட்டப் பயமாக இருந்தது. நான் என் விலாசத்தைக் கொடுக்கவில்லை. தூத்துக்குடிக்குப் போய்விட்ட என் தங்கையின் பூட்டிய வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன்.

அந்த வீட்டுக்கு எதிரே டீக்கடை. காலை ஏழு மணிக்கு அதில் போய் உட்கார்ந்தேன். ஏழரைக்கு அருள் வந்தார். மஞ்சப்பையில் ஒரு சின்ன டப்பாவைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, கதவு எண்ணைப் பார்த்து, பூட்டைப் பார்த்து, அழைப்புமணியை ஒருமுறை அழுத்திப் பார்த்து நின்றார். பார்க்க எப்படி இருந்தார் என்று நீங்களும் கேட்கிறீர்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? அறுநூறு பேரும் இப்படித்தான் கேட்டார்கள், அதனால் உங்களையும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பஸ்ஸில் வந்த களைப்பு தெரிந்தது, அதைச் சொல்கிறேன்.

என் போன் அதிர்ந்தது. அருளின் பதிவு. லாரிச் சத்தத்தில் கேட்காதென்று சத்தத்தை முழுக்க வைத்து அமுக்கினேன். “அக்கா, வாசல்ல நிக்கேன். வீடு பூட்டியிருக்கு. பூ அஞ்சு கொண்டாந்திருக்கேன், இன்னும் வாடல. மெதுவா வாங்க.” டீ போடுகிறவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன். திலகா சாய்ந்து நின்ற சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அருள் அரை மணி நேரம் அந்த வாசலில் தெருவைப் பார்க்காமல் கதவைப் பார்த்தபடியே நின்றார், பிறகு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி, பஸ் நிலையம் பக்கம் நடந்தார்.

குழுவில் கேட்டார்கள். என்ன பார்த்தாய், என்ன பார்த்தாய். பார்த்ததைச் சொன்னால் அருளை நானே பிடித்து அவர்கள் கையில் கொடுத்த மாதிரி ஆகும் என்று தோன்றியது, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பதில் என்று நினைத்து ஒன்று சொன்னேன்: “யாரும் வரல.” அது எவ்வளவு பெரிய கெடுதல் என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. அருள் தான் வந்து காத்திருந்ததாகக் காலையிலேயே குழுவில் சொல்லியிருந்தார், நான்தான் அதைக் கேட்டிருக்கவில்லை. அப்படியானால் பொய், வராமலே வந்தேன் என்கிற ஆள் வேறு எதைத்தான் சொல்லாது என்றார் புஷ்பகாந்தி. யாழினிகூட, பொய் சொல்பவர்களுக்காக நாம் நிற்க முடியாது என்றார். இரண்டு பக்கமும் சேர்ந்து கைதூக்கிய ஒரே வாக்கெடுப்பு அதுதான். அருள் என் பேச்சை மறுக்கவில்லை. போனார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு எல்லோருக்கும் குரல் திரும்பியது. புஷ்பகாந்திக்குக் கீச்சுக்குரல் வந்தது, யாழினிக்கு மூக்கடைத்த குரல் வந்தது, போடிக்காரரின் தங்கை பதிவுக்குத் தங்கையின் குரல் வந்தது. போன ஆளோடு போய்விட்டது பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. நான் அனுப்பியதெல்லாம் இன்னும் அந்தக் குரலில்தான் போனது. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள், தவறாக நினைக்காதீர்கள் அக்கா, விதி விதிதானே, பேர், ஊர், பூத்தது சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். சொன்னேன். என் விதியை என்னிடம் வாசித்துக் காட்டி வெளியே விட்டார்கள். கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை, அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நானும் சேர்த்திருக்க மாட்டேன்.

பேச யாருமில்லாமல் ஒரு வாரம் இருந்தேன். கடையில் அட்டைகளை நகல் எடுத்தேன். மாடியில் பெண் பூ விரிந்து விரிந்து உதிர்ந்தது. அருள் தன் விலாசத்தை முதல் வருடமே, நான் கேட்காமலே, எழுதிக் கொடுத்திருந்தார்; அது உண்மையான விலாசமாக இருக்கும் என்று அதுவரை நான் நம்பியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் நம்பவில்லை.

வீடு இருந்தது. சங்குப்பூ கம்பிக் கேட் மேலே ஏறியிருந்தது. உள்ளே வராந்தாவில் வெள்ளைத் துணிக் குவியலுக்கு நடுவில் அருள் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்.

“அருள், நான் செண்பகம். கோவில்பட்டி.”

“தெரியும்க்கா.”

“போன்ல இன்னும் அந்தக் குரல்தான் வருது எனக்கு. அதான் நேர்ல வந்தேன். இல்லாட்டி நான்தான்னு நம்ப மாட்டீங்கன்னு.”

“அது இல்லக்கா. நீங்க அங்க இருந்தது அன்னைக்கே தெரியும்.” துணியைக் கீழே வைத்தார். “வாசல்ல நின்னு உங்களுக்கு ஒண்ணு பேசி அனுப்புனேன்ல. அனுப்புன கையோட முதுகுக்குப் பின்னாடி டீக்கடையில நான் பேசுனது எனக்கே கேட்டுச்சு. பூ இன்னும் வாடலன்னு.”

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“திரும்பிப் பாக்கல. பாத்தா உங்களுக்குச் சங்கடம். நீங்களா எந்திரிச்சு வருவீங்கன்னு அரை மணி நேரம் நின்னேன்.”

“பயந்துட்டேன் அருள்.”

“எனக்கு மட்டும் என்ன, தெரியாத ஊரு, பூட்டுன வீடு, பின்னாடி ஒளிஞ்சு உக்காந்து பாக்குற ஆளு. எனக்கும் பயந்தான் அக்கா. நின்னேன்ல.”

அருள் துணியை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார். போகச் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை. நான் கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.